ஐந்து கிலோமீட்டர்

ஒரு ஜாமெட்ரி பாக்ஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதைவிட ரெண்டு விரல் நீளம். பச்சை வர்ணம். முன்னும் பின்னும் டிரைவர் கேபின். கூரை மேல் மடங்கி விரிகிற இரண்டு பாண்டோகிராஃப். கீழே ஆறு ஜோடி சக்கரங்கள். பக்கவாட்டில் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய சைஸில் ஒரு நம்பர்: சி.சி. 7107. பிரான்ஸ் நாட்டு ரயில்வேயின் பிரபலமான எலெக்ட்ரிக் இன்ஜின் ஒன்றின் மாடல் இது. நிஜத்தை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது.

தயவுசெய்து பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். மாடல் ரயில் ரசிகர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். பொம்மை எதையும் வாக்குக் கொடுப்பதில்லை. கொண்டப்பள்ளி யானை நிஜ யானை மாதிரி இல்லையே என்று யாரும் கேஸ் போட முடியாது. மாடல் அப்படியல்ல. 'அங்கே எப்படியோ, இங்கேயும் அப்படியே' என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது.

அந்தச் சத்தியத்தைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பார்க்கலாம், வாருங்கள். நான் பி.காம். எதையும் ஒரு முறை கூட்டிக் கழித்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நிஜ இன்ஜினின் நீளம் 18.92 மீட்டர். 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21.7 சென்டிமீட்டர். மாடலும் அதே. பாஸ். தண்டவாளத்தின் அகலம் நிஜத்தில் 1,435 மில்லிமீட்டர். வகுத்தால் 16.5. மாடல் தண்டவாளமும் அதே 16.5. டிஸ்டிங்ஷன்.

இதுவரை நல்ல பிள்ளை. இனிமேல்தான் வில்லங்கம்.

எடைக்கு வருவோம். நிஜ இன்ஜின் 107 டன். இதை 87-ஆல் வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் மூன்று முறை வகுக்க வேண்டும். 87 x 87 x 87 என்றால் 6,58,503. ஒரு பொருளைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அதன் எடை நீளத்தோடு சேர்ந்து ஒரே சீராக நடக்காது என்பதை கலிலியோ 1638-லேயே எழுதிவைத்துவிட்டார். ஆக, 107 டன் இன்ஜினின் நேர்மையான மாடல் 162 கிராம்தான் இருக்க வேண்டும். ஒரு செல்போன் எடை.

ஆனால் இந்த அளவு மாடல்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொதுவாக அதைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கனக்கும். காரணம், உள்ளே ஓர் உலோகக் கட்டியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். 162 கிராமோடு விட்டால் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காது. நின்ற இடத்திலேயே சுற்றும். பின்னால் நாலு பெட்டியைக்கூட இழுக்காது.

அடுத்தது, சக்கரத்தின் விளிம்பு. தண்டவாளத்தை விட்டு இறங்காமல் உள்பக்கமாகப் பிடித்துக்கொள்கிற உதடு. நிஜத்தில் சுமார் 3 சென்டிமீட்டர். மாடலில் 0.35 மில்லிமீட்டர்கூட வரக்கூடாது. வைத்திருப்பதோ ஒரு மில்லிமீட்டர் அளவு. மூன்று மடங்கு. குறைத்தால் மேஜை மேல் உள்ள சின்ன மேடு பள்ளத்துக்கே வண்டி கவிழ்ந்துவிடும்.

வளைவு? வீட்டு மேஜையில் 36 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு ஓட்டுகிறார்கள். நிஜ அளவுக்குப் பெருக்கினால் 31 மீட்டர். அப்படி ஒரு வளைவில் 107 டன் இன்ஜினைத் திருப்பச் சொன்னால் எந்த டிரைவரும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

எல்லாவற்றுக்கும் சிகரம், கரன்ட். எலெக்ட்ரிக் இன்ஜின் என்றால் மேலே கம்பியிலிருந்து கரன்ட் எடுப்பது. அதற்குத்தான் பாண்டோகிராஃப். ஆனால் பெரும்பாலான மாடல்களில் கரன்ட் வருவது கீழே தண்டவாளத்திலிருந்து, 12 வோல்ட் சமாசாரம். மேலே அத்தனை நுணுக்கமாகச் செய்த பாண்டோகிராஃப், கல்யாண வீட்டில் வாசலில் நின்று கும்பிடு போடும் மாமா மாதிரி. மரியாதைக்கு நிற்கிறது, செலவு செய்பவர் வேறு.

வர்ணத்தில்கூடத் தில்லுமுல்லு உண்டு. நிஜ இன்ஜினுக்கு அடித்த அதே டப்பா பெயின்ட்டை மாடலுக்கு அடித்தால் அது கறுத்துத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கிற பெரிய பொருளின் நிறத்தை நடுவில் உள்ள காற்று கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. அதனால் தேர்ந்த மாடல்காரர்கள் பெயின்ட்டில் கொஞ்சம் வெள்ளை கலப்பார்கள். அதாவது, நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்பதற்காக நிறத்தை மாற்றுகிறார்கள்!

இப்போது சொல்லுங்கள். எடையில் இரண்டு மடங்கு, விளிம்பில் மூன்று மடங்கு, கரன்ட்டில் முழு நாடகம். இந்த மாடல் பொய் சொல்கிறதா?

பொய்தான் என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. புரோட்டோ-87 என்று பெயர். சக்கர விளிம்பு உட்பட எல்லாமே கச்சிதமாக 87-ல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள். அதற்காகத் தண்டவாளத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் போட்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்து சீர் செய்கிறார்கள். கும்பிட வேண்டிய பொறுமை. ஆனால் அவர்களும் கலிலியோவைத் தாண்ட முடியாது. எடையில் தோற்றே ஆக வேண்டும்.

மற்ற எல்லோரும் இந்த மாற்றங்களோடு சமாதானமாக வாழ்கிறார்கள். பிரான்ஸில் ஜூரா மலைப் பக்கம் ஷாம்பஞோல் என்ற சின்ன ஊரில் 1944-ல் ஆரம்பித்த ஜூயெஃப் கம்பெனி, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கட்டுப்படியாகிற விலையில் மாடல் ரயில்களைச் செய்து தள்ளியது. இந்த சி.சி. 7107-ம் அதில் ஒன்று. 2004-ல் அந்தப் பெயரை பிரிட்டனின் ஹார்ன்பி கம்பெனி வாங்கியது. இத்தனை வருடத்தில் 'உங்கள் மாடல் 162 கிராம் இல்லை, என்னை ஏமாற்றிவிட்டீர்கள்' என்று ஒருவராவது சண்டைக்குப் போயிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

சரி. மாடலை மேஜை மேல் வைத்துவிட்டு நிஜ இன்ஜினிடம் போவோம். அங்கேதான் சுவாரஸ்யம்.

பிரான்ஸின் தென்மேற்கே லாந்த் என்று ஒரு பிரதேசம். பைன் மரக்காடு. தரை மட்டம். அதற்குள் போர்தோவிலிருந்து தாக்ஸ் போகும் ரயில் பாதை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடும். 1955 மார்ச்சில் பிரெஞ்சு ரயில்வே அங்கே ஒரு பரிட்சை வைத்தது. ஒரு எலெக்ட்ரிக் இன்ஜின் அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகும்? முந்தின வருடம், 1954 பிப்ரவரியில், டிஜானுக்கும் போன் என்ற ஊருக்கும் நடுவே மணிக்கு 243 கிலோமீட்டர் போய் உலக சாதனை செய்திருந்தார்கள். அது போதவில்லை.

பரிட்சைக்கு இரண்டு இன்ஜின்கள். ஒன்று நம்முடைய ஆறு அச்சு சி.சி. 7107. ஆல்ஸ்தோம் கம்பெனி செய்தது. மற்றது நாலு அச்சு பி.பி. 9004. அதைவிட எடை குறைவு. ஷ்னெய்டர் - ஜுமோன் கோஷ்டியின் தயாரிப்பு. பரிட்சையை நடத்தியவர் ஃபெர்னான் நூவியோன் என்ற இன்ஜினீயர். பல்சக்கர விகிதத்தை மாற்றி, கம்பியில் மின்னழுத்தத்தை வழக்கத்தைவிட ஏற்றி, பின்னால் மூன்றே மூன்று பெட்டிகளை மாட்டிக் கிளம்பினார்கள்.

மார்ச் 28. சி.சி. 7107 புறப்பட்டது. கம்பியை உரசிக்கொண்டு போன பாண்டோகிராஃப் சூடு தாங்காமல் உருகியது. வண்டி 326 கிலோமீட்டரைத் தொட்டது. மறுநாள் பி.பி. 9004. அது 331.

இந்த நம்பர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 326. இரண்டாம் நாள் 331.

உலகத்துக்கு என்ன அறிவித்தார்கள் தெரியுமா? இரண்டு இன்ஜினும் 331. இரட்டைச் சாதனை. சரிசமம்.

உண்மை வெளியே வரப் பல வருடங்கள் ஆயின. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். இரண்டும் வேறு வேறு கம்பெனிகளின் இன்ஜின். ஒருவர் ஜெயித்தார் என்றால் இன்னொருவர் தோற்றார் என்று ஆகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஓட்டப் பந்தயம் ஓடினால் பாட்டி என்ன சொல்வாள்? 'ரெண்டு பேருமே ஃபர்ஸ்ட்டுடா கண்ணுகளா!'

அது வியாபார நேரமும்கூட. இதே சி.சி. 7100 குடும்பத்து இன்ஜின்களை நெதர்லாந்தும் ஸ்பெயினும் வாங்கின. இன்னொரு பக்கம், 25,000 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தில் ரயில் ஓட்டும் முறையை பிரெஞ்சுக்காரர்கள் ஆல்ப்ஸ் அடிவாரத்து சவாய் பாதையில் சோதித்துத் தேற்றியிருந்தார்கள். 1957-ல் இந்திய ரயில்வே அந்த முறையைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆலோசனை சொன்னது பிரெஞ்சு ரயில்வே. நீங்கள் தாம்பரத்திலோ காட்பாடியிலோ பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிறதே அந்தக் கம்பி, அதில் ஓடும் 25,000 வோல்ட்டின் பூர்விகம் அதுதான். 1955 சாதனை நடந்தது வேறு வகை, டி.சி. மின்சாரத்தில். ஆனாலும் வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்த மேடை ஒன்றுதான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

326-ஐ 331 என்று சொன்னதில் கூட்டியது வெறும் 5 கிலோமீட்டர். ஒன்றரை பர்சென்ட். மாடலிலோ எடையில் நூறு பர்சென்ட்டுக்கு மேல் பிசகு. எது பெரிய பொய்?

இன்னும் ஒரு வேடிக்கை. இந்த இரண்டு வேகங்களையும் மாடல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். 331 என்பது மேஜை மேல் நொடிக்கு 105.7 சென்டிமீட்டர். 326 என்பது 104.1. வித்தியாசம் 1.6 சென்டிமீட்டர். இரண்டு மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாலும், கண் இமைக்காமல் பார்க்கிறவருக்குத்தான் எது முந்துகிறது என்று தெரியும். அவ்வளவு துளியூண்டு. ஆனாலும் எனக்கு மாடலின் மேல் கோபம் வரவில்லை. இந்த 1.6 சென்டிமீட்டர்தான் உறுத்துகிறது. ஏன்?

இதற்கு விடை நான் படித்த தத்துவப் புத்தகம் எதிலும் இல்லை. பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் இருந்தது.

ஒரு கம்பெனியின் வரவு செலவைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிறாரே, அவர் என்ன சான்றிதழ் கொடுக்கிறார்? 'எல்லாம் சரி' என்றா? 1913-ம் வருடத்துப் பழைய கம்பெனிச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 'ட்ரூ அண்ட் கரெக்ட்.' 1956 சட்டத்தில் அதை மாற்றினார்கள். 'ட்ரூ அண்ட் ஃபேர்.' உண்மையும் நியாயமுமான தோற்றம். 'கரெக்ட்' போய் 'ஃபேர்' வந்தது.

ஏனென்றால் நூற்றுக்கு நூறு கரெக்ட் என்று எந்தக் கணக்கையும் சொல்ல முடியாது. ஒரு மெஷின் பத்து வருடம் உழைக்கும் என்று வைத்துத் தேய்மானம் போடுகிறோம். அது எட்டிலும் சாகலாம், பதினைந்திலும் சாகலாம். வசூலாகாத பாக்கி இவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாக ஒதுக்குகிறோம். பெரிய கம்பெனிகள் பாலன்ஸ் ஷீட்டை லட்சத்தில், கோடியில் போடும். பாக்கி ரூபாயெல்லாம் அந்தரத்தில் மறைந்துவிடும். ஆனால் பக்கத்தின் உச்சியில் 'ரூபாய் கோடியில்' என்று எழுதியிருக்கும். மாடல் பெட்டியின் மேல் 1:87 என்று எழுதியிருப்பது மாதிரி. 'ஐயா, நான் சுருக்கியிருக்கிறேன், தெரிந்துகொண்டு பாருங்கள்' என்ற எச்சரிக்கை அது. அதைச் சொல்லிவிட்டுச் சுருக்கினால் யாரும் ஏமாறுவதில்லை.

ஆடிட்டிங்கில் இன்னொரு பாடமும் உண்டு. எவ்வளவு சின்னத் தொகையைப் பொருட்படுத்தாமல் விடலாம்? ஆயிரம் கோடிக் கம்பெனியில் பத்தாயிரம் ரூபாய் விட்டுப்போனால் யாரும் தூக்கு மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கம்பெனி அந்த வருடம் ஐயாயிரம் ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதே பத்தாயிரத்தை இங்கே அங்கே நகர்த்தினால் ஐயாயிரம் லாபம் ஆகிவிடும். அப்போது அந்தப் பத்தாயிரம் சின்னத் தொகையா? விடையையே புரட்டிப் போடுகிற தொகை அல்லவா?

லாந்த் காட்டின் ஐந்து கிலோமீட்டர் அப்படிப்பட்டது. அளவில் துளி. ஆனால் எது வேகமான இன்ஜின் என்ற ஒரே கேள்வியின் விடையை அது மாற்றிவிட்டது. ஒரு சாதனை நமக்குத் தரும் வாக்கு அந்த ஒரு நம்பர் மட்டும்தான். மற்றதில் எதை வேண்டுமானாலும் சமாளிக்கலாம். அந்த நம்பரில் கை வைத்தால், கையில் வேறொன்றும் மிச்சம் இல்லை.

மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாக்குக் கொடுத்தது தோற்றத்துக்கும் ஓட்டத்துக்கும். உலோகக் கட்டியை ஒளித்தது ஓடுவதற்காக. பெயின்ட்டில் வெள்ளை கலந்தது நிஜம் போலத் தெரிவதற்காக. ஒவ்வொரு மாற்றமும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. ரயில்வே செய்த மாற்றம் கொடுத்த வாக்கை முறிப்பதற்காகச் செய்தது. பிசகு எத்தனை பர்சென்ட் என்று எண்ணிப் பொய்யை அளக்கக்கூடாது. ஜனங்கள் எதைக் கேட்டு வந்தார்களோ, அதில் கலப்படமா என்றுதான் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 'யாருக்கு என்ன நஷ்டம் சார்? இரண்டு கம்பெனிக்கும் சந்தோஷம். ரயில்வேக்குப் பெருமை. யாருக்கும் கெடுதல் இல்லாமல் நல்லது மட்டும் நடக்குமானால் பொய்யும் குற்றமில்லை என்று வள்ளுவரே சலுகை கொடுத்திருக்கிறாரே!'

கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தச் சலுகைக்கு வள்ளுவர் வைத்த நிபந்தனை ரொம்பக் கடுமை. அந்த நன்மையில் ஒரு சொட்டுக் குற்றமும் ஒட்டியிருக்கக்கூடாது. இங்கே அப்படியா?

முதல் குற்றம், பி.பி. 9004-க்கு. எடை குறைந்த நாலு அச்சு இன்ஜின், ஆறு அச்சுக்காரனை ஜெயித்தது என்பது ஒரு பெரிய இன்ஜினீயரிங் செய்தி. அந்த வெற்றியை இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாகிவிட்டது.

இரண்டாவது குற்றம் இன்னும் விசித்திரம். அது சி.சி. 7107-க்கே இழைத்தது. 326 என்பது என்ன சாதாரண நம்பரா? முந்தின சாதனையைவிட 83 கிலோமீட்டர் அதிகம். மார்ச் 28-ம் தேதி ராத்திரி, தண்டவாளத்தின் மேல் மனிதன் ஓட்டிய எந்த இன்ஜினும் அவ்வளவு வேகம் போனதில்லை. ஒரே ஒரு நாள் என்றாலும் அது சந்தேகமில்லாத உலக சாம்பியன். இரவல் நம்பர் கொடுத்து அந்தச் சொந்த நம்பரைப் பிடுங்கிக்கொண்டார்கள். தகுதி இல்லாதவனுக்கு மார்க் போடுவது ஒரு தப்பு. தகுதி உள்ளவனுக்கும் அடுத்தவன் மார்க்கைப் போட்டுவிடுவது அதைவிடப் பெரிய அவமானம்.

மூன்றாவது, ஒரு போட்டோ. மார்ச் 29 அன்று பி.பி. 9004 போன பிறகு தண்டவாளத்தைப் பார்த்தவர்களுக்குக் குலை நடுங்கியிருக்கும். ஸ்கேல் கோடு மாதிரி இருந்த தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. அந்த வேகத்தில் சக்கரங்கள் இடமும் வலமுமாக அடித்த அடி அப்படி. வண்டி கவிழாமல் தப்பியது. அந்தப் படத்தை ரொம்ப காலம் பொதுஜனத்துக்குக் காட்டவில்லை. 331 என்ற நம்பரை மட்டும் காட்டினார்கள்.

இன்ஜினீயர்கள் பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. அதே பிரான்ஸில் பயணிகளை 200 கிலோமீட்டர் வேகத்தில் தினப்படி அழைத்துப் போக 1967 வரை காத்திருந்தார்கள். 1981-ல் டி.ஜி.வி. ரயில் 380 போனது. 2007-ல் 574.8. இழுக்கிற இன்ஜின் என்ற வகையில் மட்டும் 331 அசையாமல் இருந்தது. 2006 செப்டம்பரில் ஜெர்மனியில் ஒரு சீமென்ஸ் இன்ஜின் 357 போய் அதை முறியடித்தது. ஆனால் 1955-ல் அந்த நெளிந்த தண்டவாளத்தைப் பார்த்திருந்தால் ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வேகத்தின் மேல் மரியாதையோடு கொஞ்சம் பயமும் வந்திருக்கும். நாளைக்கு அந்த மாதிரி ரயிலில் ஏறி உட்காரப் போகிறவர்களுக்கு அந்தப் பயம் சேர வேண்டிய பாக்கி.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் கிளறுகிறேன் என்றால், என் தொழிலும் மாடல் செய்யும் தொழில்தான். மூன்று மணி நேரக் கூட்டத்தை முந்நூறு வார்த்தையில் அடைப்பது, எழுபது வருட வாழ்க்கையை ஒரு காலத்தில் முடிப்பது. பத்திரிகைக்காரன் சுருக்காமல் பிழைக்க முடியாது. எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் எங்கள் தினசரி வயிற்றுவலி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன ஊரில் பெரியவர் ஒருவர் காலமானார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஊருக்கு அவர்தான் வாத்தியார். செய்தி போடத் தகவல் கேட்டுப் போயிருந்தேன். மகன் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, "நாற்பது வருஷ ஆசிரியப் பணின்னு போடுங்க தம்பி" என்றார். பள்ளிக்கூடத்தில் நான் விசாரித்தது முப்பத்தேழு. மெதுவாகச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நடுவுல மூணு வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியாம போச்சு. அப்பா சம்பளமில்லாம லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாரு. அதை எழுதாதீங்க. அம்மா இன்னும் இருக்காங்க, படிச்சா சங்கடப்படுவாங்க. அதான் நாற்பதுன்னு சொன்னேன். மூணு வருஷம்தானே தம்பி, என்ன போச்சு?" என்றார்.

"அதை எழுத மாட்டேன் சார். ஆனா முப்பத்தேழுன்னுதான் போடுவேன்" என்றேன். அவருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். செய்தி முப்பத்தேழு என்றுதான் வந்தது.

அந்த மூன்று வருடத்தை விட்டுவிட்டேன். அது குடும்பத்தின் சொந்த விஷயம், சுருக்கத்தில் போகலாம். ஆனால் நாற்பது என்று எழுதியிருந்தால், அந்த மூன்று வருடத்தில் அவர் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அழித்து, கரும்பலகை முன்னால் நிற்க வைத்திருப்பேன். விடுவது வேறு, மாற்றுவது வேறு. முப்பத்தேழு என்ற நம்பரில் அந்த மூன்று வருடம் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

விடுவதெல்லாம் குற்றமில்லை என்று சொல்ல வரவில்லை. நெளிந்த தண்டவாளத்தின் படத்தை மறைத்ததும் ஒரு வகையில் 'விட்டது'தான். ஆனால் அந்தம்மாவின் வியாதியைத் தெரிந்துகொள்ள எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை. எந்த வேகத்தில் தண்டவாளம் நெளியும் என்பதைத் தெரிந்துகொள்ள டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. எதை விடலாம் என்பதை எழுதுகிறவனின் வசதி முடிவு செய்யக்கூடாது. படிக்கிறவரின் உரிமைதான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கும் இது பொருந்தும். பயோடேட்டாவில், பெண் பார்க்கும்போது சொல்கிற சம்பளத்தில், அப்பாவிடம் டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும்போது, நாம் எல்லோரும் மாடல் செய்கிறோம். சுருக்காமல் வாழ முடியாது. சுருக்குவது தப்பும் இல்லை. எதிரில் இருப்பவர் எந்த ஒன்றைக் கேட்டு வந்திருக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டு வந்தவரிடம் வீட்டின் வாஸ்துவைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம். சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டக்கூடாது.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு மாடல்காரர் சி.சி. 7107-ஐ ரொம்ப சிரத்தையாகச் செய்கிறார். பக்கத்தில் அரிசி அளவில் ஒரு சின்னத் தகடு ஒட்டி, சாதனை வேகத்தை எழுத வேண்டும். பிரெஞ்சு ரயில்வே அறிவித்தபடி 331 என்று எழுதுவதா? அறிவிப்பை அப்படியே காப்பி அடித்தால் பிரதி கச்சிதம். ஆனால் பொய்யும் சேர்ந்து பிரதியாகிறது. 326 என்று எழுதினால் அறிவிப்போடு ஒட்டாது. ஆனால் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தோடு ஒட்டும்.

உலோகக் கட்டியை ஒளிக்கலாம், வெள்ளை கலக்கலாம், பாண்டோகிராஃபைச் சும்மா நிற்க வைக்கலாம். என்னைக் கேட்டால் தகட்டில் மட்டும் 326 என்று எழுதச் சொல்வேன். பாண்டோகிராஃப் உருக உருக அது ஓடிச் சம்பாதித்த நம்பர் அதுதான்.